ஊற்றை அறியாமல் இறைக்கலாமா?



ஓர் அமைப்பு நலிவடையும்போது அதனை மாற்றியமைக்க வேண்டும் என்ற குரல் எழுவது இயற்கை. அவ்வமைப்பு ஜினாலய அறக்கட்டளையாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம், பல்லாயிரவர் பணிபுரியும் பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம். குறை கண்ணில் பட்ட மறுநாளே, "தலைவரை மாற்றுங்கள், விதியை மாற்றுங்கள், ஆளைக் குறையுங்கள்" என்கிறோம். மாற்றமும் நிகழ்கிறது. சில திங்கள் கழித்துப் பார்த்தால் பழைய குறை வேறோர் உருவில் அங்கேயே நிற்கிறது. இதற்கிடையில் எவரோ ஒருவர் பொறுப்பை இழந்திருப்பார். எவரோ ஒருவர் மனம் நொந்து ஒதுங்கியிருப்பார்.

இதனை நிர்வாகத் திறமை பற்றிய செய்தியாகக் கருதி விட்டுவிடுவோர் உளர். நாம் அதனினும் ஆழமான வினா ஒன்று இதில் அடங்கியிருப்பதாகக் கருதுகிறோம். குறையின் காரணத்தை அறியாமலே ஓர் அமைப்பை மாற்ற முற்படுவது அறிவுக் குறைபாடு மட்டும்தானா? அன்றி அறத்துக்கே மாறுபட்ட செயலா? இவ்வினாவை நம் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் யாவரும் அறிய நிகழ்ந்தவற்றைக் கொண்டு சற்றே ஆராய்வோம்.

ஒரே விடை, வெவ்வேறு நோய்

ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அனைவரும் 'குறையறி சோதனை' என்ற சொல்லை அறிவர். ஆண்டுத் தேர்வு ஒரு மாணவனுக்கு எத்தனை மதிப்பெண் என்று கூறும். அவன் ஏன் தவறினான் என்பதை அது கூறாது. அந்த 'ஏன்' என்பதைக் காண்பதற்கே குறையறி சோதனை உள்ளது. அதன் பின்னர் செய்யப்படுவது 'குறைதீர் கற்பித்தல்'. இந்த வரிசை மாறலாகாது என்று பயிற்சிப் பள்ளியில் மீண்டும் மீண்டும் வற்புறுத்துவர்.

எளிய சான்று ஒன்று கூறுவோம். கரும்பலகையில் 52இலிருந்து 27ஐக் கழிக்குமாறு எழுதுகிறோம். விடை 25. ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து 5 என்று இட்டுவிட்டது. கடன் வாங்கிக் கழித்தல் அதற்கு விளங்கவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்துள்ள இன்னொரு பிள்ளையும் 35 என்றே எழுதுகிறது. அதன் நோட்டைப் பார்த்தால் 62 − 27 என்று இருக்கிறது. அப்பிள்ளைக்குக் கழித்தல் நன்கு தெரியும், கரும்பலகைதான் தெரியவில்லை. முதற்பிள்ளைக்குத் தேவை பாடம். இரண்டாம் பிள்ளைக்குத் தேவை மூக்குக் கண்ணாடி. மூன்றாவது பிள்ளை 79 என்று கூட்டி வைத்திருக்கிறது. அதற்குக் குறியைக் கவனிக்கும் பழக்கம் வேண்டும்.

மூவருக்கும் மதிப்பெண் சுழியம்தான். மதிப்பெண்ணை மட்டும் நோக்கும் தலைமையாசிரியர் மூவரையும் மாலை வகுப்பில் உட்கார வைத்து வாய்பாடு ஒப்பிக்கச் செய்வார். கண் பார்வை குறைந்த குழந்தை செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறும். அதன் குறையோ அப்படியே இருக்கும். ஆண்டு இறுதியில் 'இவ்வகுப்பாசிரியர் சரியில்லை' என்று ஆசிரியரையும் மாற்றிவிடுவர்.

கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் நெடுநாள் மூடியிருந்து திறந்தபின், தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கியது. குழந்தை எந்நிலையில் இருக்கிறது என்பதை அடிப்படை மதிப்பீட்டால் கண்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று பகுத்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி அளிப்பது அதன் முறை. வகுப்பின் பெயரைக் கொண்டு குழந்தையை அளவிடாமல், குழந்தையைப் பார்த்துப் பாடத்தைத் தொடங்கும் இம்முறை குறையறி சோதனையின் வழியில் வந்ததே ஆகும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோய், அதன் முதற்காரணம், தணிக்கும் வழி, பொருந்தச் செய்தல் என்னும் வரிசையை வகுத்துள்ளது என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். உடலுக்கும் வகுப்பறைக்கும் ஒப்புக்கொள்ளும் இவ்வரிசையை, ஓர் அமைப்பு என்றவுடன் நாம் மறந்துவிடுவது வியப்பே.

அண்ணாமலைநகர் காட்டும் பாடம்

சிதம்பரத்தில் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் நிறுவிய மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. கடலூர் மாவட்டத்துக் குடும்பங்களில் இப்பல்கலைக்கழகத்தோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. ஒருவர் அங்கே படித்திருப்பார், ஒருவர் பணியாற்றியிருப்பார், ஒருவர் அஞ்சல் வழியில் பட்டம் பெற்றிருப்பார். 1979இல் தொடங்கிய அதன் தொலைதூரக் கல்வி, வேலைக்குச் சென்றுகொண்டே படிக்க விரும்பிய ஆசிரியர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் பெரும் வாயிலாக விளங்கியது. பின்னர்ப் பல் மருத்துவக் கல்லூரியும், 1985இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் அமைந்தன.

இத்துணைப் பெருமை வாய்ந்த நிறுவனம் 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஊதியம் வழங்கவே இடர்ப்படும் நிலைக்கு வந்தது. அப்போது அங்கே பணிபுரிந்தோர் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஊதியக் குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு எழுந்தது, ஊழியர் போராடினர், பல்கலைக்கழகம் காலவரையறையின்றி மூடப்பட்டது. 2013 ஏப்ரலில் தமிழக அரசு ஆட்சிப் பணி அலுவலர் ஒருவரைத் தனி அலுவலராக நியமித்தது. அவ்வாண்டிலேயே புதிய பல்கலைக்கழகச் சட்டமும் நிறைவேறி, நிறுவனம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

இங்கே நாம் எவரையும் குற்றஞ்சாட்ட முனையவில்லை. அடுத்தடுத்து முன்வைக்கப்பட்ட மருந்துகளை மட்டும் எண்ணிப் பார்ப்போம்.

முதல் மருந்து ஊதியத்தைக் குறைத்தல். பணம் போதவில்லை என்பது நோயின் அறிகுறி, காய்ச்சலைப் போன்றது. பணம் ஏன் போதவில்லை? தேவைக்கு மிகுதியாக ஆள்கள் ஏன் சேர்ந்தனர்? வருவாய் எந்தெந்த வாயிலாக வந்தது, அவ்வாயில்கள் எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும்? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் எல்லோருடைய ஊதியத்திலும் கைவைக்க நினைத்தால், பணியிடங்களை உருவாக்கியதில் எவ்விதப் பங்கும் இல்லாத கடைநிலை ஊழியரே முதலில் அடிபடுவார். எனவேதான் அம்மருந்தை எவரும் விழுங்க உடன்படவில்லை.

இரண்டாம் மருந்து நிர்வாகத்தை மாற்றுதல். இதனால் நிறுவனம் மூழ்காமல் காக்கப்பட்டது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் தலைமை மாறிய அன்றே நோய் நீங்கிவிடவில்லை. மிகையான ஊழியர் யார், எங்கே என்பது ஆராயப்பட்டு, 2016ஆம் ஆண்டை ஒட்டியே அவர்களை அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் பணிநிரவல் செய்யும் வேலை தொடங்கியது. வேலையிழப்பைத் தவிர்த்த நல்ல முறைதான் அது. ஆனால் அண்ணாமலைநகரில் வீடு கட்டி, பிள்ளைகளை அவ்வூர்ப் பள்ளியில் சேர்த்து, முதிய பெற்றோரை உடன் வைத்திருந்தவர்கள் நடுவயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பின் அறியாத ஊர்களுக்குப் புறப்பட நேர்ந்தது.

மூன்றாவதாக ஒன்றைக் காண்போம். பல்கலைக்கழகம் அரசின் வசமானபின்னும் மருத்துவக் கல்லூரியின் கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகளினும் பன்மடங்கு மிகுதியாகவே இருந்தது. மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி ஐம்பது நாள்களுக்கு மேல் போராடினர். 2021இன் தொடக்கத்தில் அக்கல்லூரி உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று, கட்டணமும் குறைக்கப்பட்டது. உரிமையாளர் மாறியதும் கட்டணம் மாறும் என்பது மக்களின் எதிர்பார்ப்பு. கல்லூரியின் செலவை எத்துறை ஏற்பது என்பது தீராதவரை அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஏழாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அந்த முடிச்சு தனியே அவிழ்க்கப்பட வேண்டியதாயிற்று.

தொலைதூரக் கல்வியிலும் இடர் தொடர்ந்தது. அதற்கான ஒப்புதல் 2014–15 கல்வியாண்டு வரையிலேயே இருந்தது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்தபோது, அதன்பின் சேர்ந்தோர் தம் பட்டத்தின் நிலை குறித்துக் கலங்கினர். ஆக, ஒரே நிறுவனத்தில் ஒன்றல்ல, நான்கைந்து நோய்கள் இருந்தன. 'நிதி நெருக்கடி' என்ற ஒரே பெயர் அவை அனைத்தையும் மூடியிருந்தது. மூன்று பிள்ளைகளின் மூன்று குறைகளைச் சுழியம் என்ற ஒரே மதிப்பெண் மூடியிருந்தது போலவே இதுவும்.

ஊற்றும் செறிப்பும் உதிர்ப்பும்

இவ்விடத்தில் நம் ஆன்றோர் வகுத்த தத்துவங்களின் வரிசை நினைவுக்கு வருகிறது. உயிர், உயிரல்லது என்ற இரண்டுக்குப் பின் ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என்று தத்துவார்த்த சூத்திரத்தின் முறையில் நாம் எண்ணுகிறோம். வினை எவ்வழியாக வந்து புகுகிறது என்பது ஊற்று. புகுந்தது பற்றிக்கொள்வது கட்டு. வரும் வழியை அடைப்பது செறிப்பு. முன்னரே சேர்ந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. விடுதலை அதன்பின்னர்தான்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் படகு ஓட்டும் ஒருவரைக் கேட்டால் இதனை ஒரு நொடியில் விளங்கிக்கொள்வார். படகில் தண்ணீர் ஏறுகிறது. எந்தப் பலகை இடுக்கு வழியாக ஏறுகிறது என்று காணவேண்டும். அதனை அடைக்க வேண்டும். பிறகு உள்ளே நிற்கும் நீரை இறைக்க வேண்டும். ஓட்டையைக் காணாமல் இரவெல்லாம் இறைப்பவன் கை சோர்ந்து விழுவான், படகு மிதக்காது. படகோட்டியை மாற்றினாலும் ஓட்டை அடைபடாது.

நம் பெரியோர் உயிரின் விடுதலைக்காகச் சொன்னதை நிறுவனத்துக்குப் பொருத்துவது அதனைத் தாழ்த்துவதாகாது. மும்மணிகளிலும் நற்காட்சி முதலாவது, நன்ஞானம் இரண்டாவது, நல்லொழுக்கம் மூன்றாவது. உள்ளதை உள்ளவாறு காணாதவன் செய்யும் செயல், நோக்கம் நல்லதாயினும், நல்லொழுக்கம் ஆகாது என்பதே இவ்வரிசையின் உட்பொருள். ஆகவே அமைப்பை மாற்ற விழைபவனின் நல்லெண்ணம் மட்டும் போதாது. அவன் கண்டிருக்க வேண்டும்; அறிந்திருக்க வேண்டும்.

நோயின் பெயரும் மருந்தின் நாளும்

சிதம்பரத்திலேயே நிகழ்ந்த மற்றொரு செய்தி இதற்குச் சட்டத்தின் மொழியில் விளக்கம் தருகிறது. நடராசர் கோயில் நிர்வாகத்துக்குச் செயல் அலுவலரை நியமித்து 1987இல் அரசு ஆணை பிறப்பித்தது. பொது தீட்சிதர்கள் அதனை எதிர்த்து வழக்காடினர். 2009 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பையடுத்துச் செயல் அலுவலர் பொறுப்பேற்றார். பின்னர் உச்சநீதிமன்றம் 2014 ஜனவரி 6ஆம் நாள் அந்நியமனத்தை ஏற்காமல் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கில் எப்பக்கம் நியாயம் என்று கூறுவது நம் வேலையன்று. பிற சமயத்தார் கோயிலைப் பற்றித் தீர்ப்புக் கூற நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் அத்தீர்ப்பில் அமைந்த நெறி எல்லாச் சமயத்தாரும் எண்ணிப் பார்க்கத் தக்கது. நிர்வாகத்தில் சீர்கேடு இருப்பின் அதனைக் களைய அரசு தலையிடலாம். ஆயினும் அத்தலையீடு சீர்கேட்டைக் களையும் அளவோடு நிற்கவேண்டும். களைந்தவுடன் நிர்வாகத்தை உரியவரிடம் திருப்பித் தரவேண்டும். காலவரையறையின்றி வைத்துக்கொள்ளலாகாது என்பதே அந்நெறி.

இதிலிருந்து நாம் கற்பது யாது? சீர்கேடு இன்னது என்று பெயரிட்டுச் சொல்லாதவரை, அது தீர்ந்ததா இல்லையா என்று எவராலும் சொல்ல இயலாது. நோயின் பெயர் எழுதப்படாத மருந்துச் சீட்டில் 'எத்தனை நாளைக்கு' என்பதையும் எழுத முடியாது. அத்தகைய மருந்து வாழ்நாள் முழுதும் தொடரும். மாற்றம் செய்பவரின் கையில் எல்லையற்ற அதிகாரம் சேர்வது இவ்வழியில்தான். காரணத்தை முதலில் எழுதி வைப்பது, மாற்றப்படுபவருக்கு மட்டுமன்றி மாற்றுபவருக்கும் ஒரு கடிவாளம்.

தவறான அறிதலும் தீங்கே

காரணத்தை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது வேறு, மெய்யாகவே அறிவது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் மாநகரைக் காலரா வாட்டியபோது, கெட்ட நாற்றமே நோய்க்குக் காரணம் என்று ஆள்வோர் உறுதியாக நம்பினர். ஆகவே புதிய கழிவுநீர் வாரியம் அமைத்து, வீட்டுக் குழிகளில் தேங்கிய கழிவையெல்லாம் தேம்சு ஆற்றில் தள்ளினர். மக்கள் பலர் அவ்வாற்று நீரையே குடித்தனர். 1848–49இல் அந்நகரில் காலராவுக்குப் பலியானோர் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

1854இல் சோகோ பகுதியில் மீண்டும் காலரா பரவியது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தோரின் வீடு வீடாகச் சென்று, எங்கே தண்ணீர் எடுத்தனர் என்று கேட்டறிந்தார். இறப்புகள் ஒரு தெருவின் அடிகுழாயைச் சூழ்ந்திருப்பதைக் கண்டார். அவர் வேண்டுகோளின்பேரில் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். எனினும் நோய் நீரின் வழியே வருகிறது என்ற உண்மையை உலகம் உணர அவருடைய விசாரணை வழிவகுத்தது. வாரியம் அமைத்தவர்கள் தீயவர் அல்லர், உழைக்காதவரும் அல்லர். அவர்கள் வீடு வீடாகச் சென்று கேட்கவில்லை. அவ்வளவே வேறுபாடு.

'ஆராய்ச்சி என்ற பெயரில் காலம் கடத்தலாமா?' 

இவ்வாறு நாம் கூறும்போது நியாயமான மறுப்பு ஒன்று எழும். "வீடு எரியும்போது தீ எப்படிப் பிடித்தது என்று விசாரித்துக்கொண்டு இருப்பார்களா?" என்று கேட்பர். உண்மைதான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதலிய கரையோர ஊர்களைத் தாக்கியபோது, நம் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று தேவைப்பட்டது மீட்பும், உணவும், உடையும், கூரையும். அவற்றை ஆராய்ச்சிக்காக ஒத்திவைத்திருந்தால் அது கொடுமை.

ஆனால் முதலுதவி வேறு, சிகிச்சை வேறு. மறுவாழ்வு வீடுகளை எங்கே கட்டுவது என்ற கட்டத்தில் வினா மாறிவிடுகிறது. கடலிலிருந்து தொலைவில் கட்டினால் பாதுகாப்பு என்று பொதுவாகத் தோன்றும். மீனவரோ கரையைப் பார்த்து வாழ்பவர்; கடலின் நிலையறிந்து புறப்படவும், படகையும் வலையையும் காத்துக்கொள்ளவும் கரைக்கு அருகிலிருப்பது அவருக்குத் தேவை. அவரைக் கேளாமல் கட்டும் வீடு பாதுகாப்பாக இருக்கலாம், பிழைப்புக்கு உதவாது. அவசர நாளில் விரைவு அறம். நிலையான மாற்றம் செய்யும் நாளில் விசாரணை அறம்.

இதன் மறுபக்கமும் உண்டு. 'ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்' என்று சொல்லியே ஆண்டுகளைக் கடத்தும் குழுக்களை நாம் அறிவோம். காரணம் தெரிந்தபின்னும், அது தமக்கு வேண்டியவரைச் சுட்டுகிறது என்பதற்காக மீண்டும் ஒரு குழு அமைப்பது கரவு. நோயறிதல் முடிந்த அன்றே மருந்தின் கடமை தொடங்கிவிடுகிறது.

நம் வீட்டுக்குள் நோக்குவோம்

பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பேசுவது எளிது. நம் சிறிய சங்கங்களை நோக்குவோம். நம் வட்டாரத்தில் ஓர் ஊரில் ஞாயிறு காலையில் சிறுவர்க்கான தர்ம வகுப்பு நடைபெற்று வந்தது. இருபத்தைந்து பிள்ளைகள் வந்த வகுப்புக்கு ஆறேழு பேர் வரும் நிலையாயிற்று. கற்பித்தவர் முதியவர், பழைய முறையில் மனப்பாடம் செய்விப்பவர். பொறுப்பாளர்கள் கூடி, இளம் ஆசிரியர் ஒருவரை அமர்த்துவது என்றும், பாடநூலை மாற்றுவது என்றும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டனர். முதியவரிடம் சொல்லவேண்டியதுதான் பாக்கி.

அப்போது ஒருவர், "வராத பிள்ளைகளின் வீட்டில் யாராவது கேட்டீர்களா?" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. நாமும் தோழியர் இருவரும் இரண்டு வாரம் வீடு வீடாகச் சென்றோம். பல வீடுகளில் கிடைத்த விடை ஒன்றே. "டீச்சரம்மா, பெரியவன் பத்தாம் வகுப்பு, ஞாயித்துக்கிழமை காலையில டியூஷன் வச்சுட்டாங்க. அவன் கூட்டிட்டு வந்தாத்தானே சின்னவ வருவா? மெயின் ரோட்டைத் தாண்டி அவளை யார் தனியா அனுப்புறது?" என்றார் ஒரு தாய். ஆசிரியரைப் பற்றியோ நூலைப் பற்றியோ குறை கூறியவர் இருவர் மட்டுமே.

வகுப்பு மாலைக்கு மாற்றப்பட்டது. சிறுவர் திரும்பி வந்தனர். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பலர் இன்றும் வருவதில்லை. அது வேறொரு நோய், அதற்கு இன்னும் மருந்து காணவேண்டும். அந்த முதியவரோ தம்மை நீக்க இருந்தனர் என்பதை அறியாமலே, மேலும் சில ஆண்டுகள் கற்பித்து மகிழ்வுடன் ஓய்வு பெற்றார். அன்று அவரை அனுப்பியிருந்தால், முப்பது ஆண்டுத் தொண்டுக்கு அவர் பெற்றிருக்கும் பரிசு ஒரு பொய்யான குற்றச்சாட்டு. அதனால் ஒரு பிள்ளைகூடக் கூடுதலாக வந்திராது.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. காரணம் அறியாத மாற்றத்தில் எப்போதும் ஒருவர் துன்புறுகிறார். பெரும்பாலும் அவர் அக்காரணத்துக்குச் சிறிதும் பொறுப்பில்லாதவர். கொல்லாமை என்பது கையால் தீங்கு செய்யாமை மட்டும் அன்று. நடக்கும்போது நிலத்தைப் பார்த்து அடியெடுத்து வைக்குமாறு நம் துறவியர்க்கு விதி இருக்கிறது. பாராமல் மிதித்தவன் 'நான் வேண்டுமென்று மிதிக்கவில்லை' என்று சொல்லித் தப்ப முடியாது. பாராமையே அவன் குற்றம். அமைப்பை நடத்துபவர் எடுத்துவைக்கும் அடியின் கீழும் உயிர்கள் உள்ளன.

கேட்க வேண்டிய வினாக்கள்

நம் சங்கங்களும் அறக்கட்டளைகளும் ஒரு மாற்றத்தை முடிவு செய்யுமுன் நான்கு வினாக்களுக்கு எழுத்தில் விடை காணலாம் என்பது நம் பணிவான கருத்து.

முதலாவது, குறை இன்னது என்பதை ஒரே வாக்கியத்தில், எவர் பெயரும் குறிப்பிடாமல் எழுத முடிகிறதா? ஒருவர் பெயர் இல்லாமல் குறையைச் சொல்லவே முடியவில்லை என்றால், நாம் இன்னும் காரணத்தைத் தேடவில்லை, ஆளைத்தான் தேடுகிறோம்.

இரண்டாவது, அது எந்நாளிலிருந்து தோன்றிற்று? அந்நாளையொட்டி வேறென்ன மாறிற்று? வருகைப் பதிவேடும் கணக்கேடும் பல நேரங்களில் வாய்ச்சொல்லைவிட நேர்மையாக விடை தரும்.

மூன்றாவது, யார் யாரைக் கேட்டோம்? இங்கே நம் அநேகாந்த நெறி பெரிதும் துணை செய்யும். ஒரு பொருளைப் பல நோக்கில் காண்பது அந்நெறி. தலைவர் காணும் சங்கம் வேறு. கணக்கெழுதுபவர் காண்பது வேறு. கோயிலைப் பெருக்கும் அம்மையார் காண்பது வேறு. வராமல் நின்றுவிட்டவர் காண்பது முற்றிலும் வேறு. வந்தவர்களை மட்டும் கேட்டு, வராதவர்களின் காரணத்தை அறிய இயலாது. குறையின் காரணம் கேட்பவரிடமே இருக்கலாம் என்பதால், பொறுப்பில் இல்லாத ஒருவர் உடனிருந்து கேட்பது நன்று.

நான்காவது, இம்மாற்றம் தவறாகிவிட்டால் இழப்பு யாருக்கு? அவர் இந்த அவையில் இருக்கிறாரா? இல்லையெனில், அவரை அழைத்துக் கேட்டபின்னரே முடிவு செய்தல் முறை.

அளந்து அறியும் மரபினர் நாம்

கேட்டும் அளந்தும் அறிவது நமக்குப் புதிதன்று. கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர் முற்காலத்தில் பாடலிபுரம் என வழங்கிய சமணக் கல்வி நிலையமாக இருந்தது. உலகின் அமைப்பையும் அளவுகளையும் கூறும் 'லோகவிபாகம்' என்னும் நூலைச் சர்வநந்தி முனிவர் பாடலிகையில் எழுதினார். காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380, அதாவது பொது ஆண்டு 458 என்ற குறிப்பு அந்நூலைத் தழுவிச் சிம்மசூரி இயற்றிய வடமொழி நூலில் உள்ளது. அந்தப் பாடலிகை நம் பாதிரிப்புலியூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஒரு நூல் எங்கே, எப்போது, எவர் ஆட்சியில் எழுதப்பட்டது என்பதைத் துல்லியமாகக் குறித்து வைத்த அப்பெரியோரின் வழிவந்த நாம், நம் சங்கத்தில் ஒரு குறை எப்போது தோன்றிற்று என்பதைக் குறித்து வைக்க இயலாதா?

மாற்றம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நிறுவனங்கள் மனிதரைப் போலவே மூப்படைகின்றன. அவற்றுக்கும் மருந்து வேண்டும். சில வேளைகளில் அறுவை சிகிச்சையும் வேண்டும். அறுவைக் கத்தியை எடுக்கும் மருத்துவர் எங்கே அறுக்கிறோம் என்பதை அறிந்து எடுக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் "இதை மாற்றவேண்டும்" என்று ஒருவர் எழுந்தால், அவரை மறுக்கவேண்டாம். "ஐயா, ஊற்று எங்கே என்று பார்த்தோமா?" என்று அன்போடு கேளுங்கள். அக்கேள்வி ஒருவேளை ஒருவரின் மானத்தைக் காக்கும், ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கும், அமைப்பையும் காக்கும்.

அறம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!